தண்ணீருக்கும் கணக்கு உண்டு!

குடும்பம் நடத்துகிற பெண்களுக்குக் கணக்குக் கேட்கும் கலையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பால்காரர் மாதக் கடைசியில் முப்பத்தொரு நாளுக்குப் பணம் கேட்டால், "நடுவில் மூன்று நாள் நாங்கள் ஊரில் இல்லையே!" என்று நாள்காட்டியில் போட்டு வைத்த பென்சில் கோட்டைக் காட்டுகிறோம். காய்கறிக்காரர் தராசுத் தட்டை விரலால் லேசாகத் தொட்டாலும் நம் கண்ணுக்குத் தப்பாது. பையனிடம் நூறு ரூபாயைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், அவன் திரும்பி வந்ததும் பையைப் பார்ப்பதற்கு முன்னால் சில்லறையைத்தான் எண்ணுகிறோம். இதில் யாருக்கும் கோபம் வருவதில்லை. பால்காரர் கோபித்துக்கொள்வதில்லை; பையனும் கோபித்துக்கொள்வதில்லை, நடுவழியில் மிட்டாய் வாங்கித் தின்றிருந்தாலொழிய!

இப்படிப்பட்ட நாம், வாசற்படியைத் தாண்டி ஒரு சர்க்கார் காரியாலயத்துக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் ஊமையாகிவிடுகிறோம். "ஐயா, என் மனு என்ன ஆயிற்று?" என்று கேட்பதற்குள் நாக்கு வறண்டுவிடுகிறது. துணிந்து கேட்டுவிட்டாலோ, "ஃபைல் மேலே போயிருக்கும்மா" என்று ஒரு பதில் வருகிறது. மேலே என்றால் எங்கே? மாடிக்கா, மேகத்துக்கா? அதைக் கேட்க நமக்குத் தைரியம் வருவதில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம்.

அந்த "மேலே" எங்கே இருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்குச் சட்டப்படியே உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று அதற்குப் பெயர். 2005-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 12-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. பெயரைக் கேட்டதும், 'இது வக்கீல்கள் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! நான் சொல்ல வந்தது தண்ணீர்க் குடத்தின் சமாசாரம்.

* * *

நான் திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்த ஊரின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் பனியன் ஞாபகம் வரும். நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன் என்று எத்தனையோ கை மாறித்தான் ஒரு பனியன் பெட்டிக்குள் போய்ப் படுக்கிறது. ஆனால் இங்கே குடித்தனம் நடத்துகிறவளுக்கு முதலில் ஞாபகம் வருவது பனியன் அல்ல, தண்ணீர். அதில் இரண்டு தினுசு. 'நல்ல தண்ணி' குடிக்கவும் சமைக்கவும். 'உப்புத் தண்ணி' மற்ற எல்லாவற்றுக்கும். நல்ல தண்ணி வருகிற நாள் எங்களுக்குப் பண்டிகை நாள் மாதிரி. அன்றைக்கு விருந்தாளி வந்தால், "ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க, தண்ணி வந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு ஓடுவோம். அவர்களும் தப்பாக நினைப்பதில்லை. அவர்கள் வீட்டிலும் அதே கதைதானே!

இத்தனைக்கும் ஊரின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோயம்புத்தூரைத் தாண்டி, திருப்பூருக்குள் புகுந்து, கடைசியில் காவிரியோடு சேர்கிற நொய்யல்தான் அது. சலவைப்பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் பெருகப் பெருக, அவற்றின் கழிவு ஆற்றில் இறங்கிற்று. விவசாயத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டி 1992-ல் முடித்தார்கள். அதில் சாயக் கழிவு வந்து தேங்கிற்று. அணையைத் திறந்து விடுங்கள் என்று விவசாயிகள் மன்றாடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கேயோ, அந்தத் தண்ணீரை எங்கள் பக்கம் திறந்து விடாதீர்கள் என்று கீழேயிருந்த விவசாயிகள் மன்றாடினார்கள்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவையும் ஆற்றில் விடக்கூடாது என்ற நிலைக்கு வந்தாக வேண்டும் என்று 2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தவில்லை. அப்படியும் ஆறு தெளியாமற் போகவே, 2011 ஜனவரி 28-ஆம் தேதி சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் இல்லையென்றால் கட்டிங் இல்லை. கட்டிங் இல்லையென்றால் தையல் இல்லை. தையல் இல்லையென்றால் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. ஆற்றில் என்ன கலக்கிறது என்ற விஷயம் அடுப்பங்கரை வரைக்கும் வந்து நின்றதை ஊரே கண்டது.

* * *

ஆறு இப்படிப் போனதால் தண்ணீரை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. அதற்காக 1995-ல் ஒரு கம்பெனி தோன்றியது. புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம் என்று அதற்குப் பெயர். தமிழக சர்க்கார், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் எல்லோரும் அதில் சேர்ந்திருந்தார்கள். பவானி ஆற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீரைத் திருப்பூருக்குக் கொண்டுவருவது திட்டம். செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஆலைகளுக்கு ஒரு விலை, வீடுகளுக்கு அதைவிட மிகக் குறைந்த விலை. ஒப்பந்தம் முப்பது வருஷத்துக்கு. சர்க்காரும் தனியாரும் கூட்டுச் சேர்ந்து நம் தேசத்தில் நடத்திய குடிநீர்த் திட்டங்களில் இதுதான் முன்னோடி என்று பெயர் பெற்றது. 2005-06 வாக்கில் தண்ணீரும் ஓடத் தொடங்கியது.

முப்பது வருஷம் என்பது சாமானியக் காலமா? இன்று தொட்டிலில் கிடக்கும் பெண் குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, தன் குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிற காலம்! அவ்வளவு நீளமான ஓர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, யார் எவ்வளவு பணம் போட்டார்கள், விலையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதெல்லாம் குழாயடியில் நிற்கிறவளுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தானே?

ஆனால் அந்தக் கேள்வி பெரிதாகக் கிளம்பியது எங்கள் ஊரிலிருந்து அல்ல. மத்தியப் பிரதேசத்தில், நர்மதை நதிக்குப் பக்கத்தில் பட்வானி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தண்ணீர், மின்சாரத் திட்டங்களை ஆராய்கிற 'மந்தன்' என்ற சிறு அமைப்பு, 2007-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இந்தக் கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியது. திட்டத்தைப் பற்றிய விவரங்களைத் தாருங்கள் என்று கேட்டது. கம்பெனி சொன்ன பதில், "நாங்கள் சர்க்கார் காரியாலயம் அல்ல, கம்பெனிச் சட்டப்படி அமைந்த நிறுவனம். உங்கள் சட்டம் எங்களைக் கட்டாது" என்பது.

விஷயம் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போயிற்று. 2008-ல் ஆணையம், கம்பெனியும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று சொல்லிவிட்டது. கம்பெனி விடவில்லை, சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2010 ஏப்ரல் 6-ஆம் தேதி நீதிபதி கே. சந்துரு தீர்ப்புச் சொன்னார். கம்பெனியின் மனு தள்ளுபடியாயிற்று.

தீர்ப்பின் சாரத்தை நம் அடுப்பங்கரை பாஷையில் சொல்கிறேன். ஊருக்குத் தண்ணீர் கொடுப்பது உள்ளாட்சியின் கடமை. அந்தக் கடமையை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குச் சர்க்காரின் பணத்தையும் ஆதரவையும் பெற்றுக்கொண்ட பிறகு, 'நான் வெறும் தனியார்' என்று கதவைச் சாத்த முடியாது. பெரும் பங்கு சர்க்காருடையதாக இருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை. கல்யாணத்துக்குச் சமையல்காரரை அமர்த்துகிறோம். எத்தனை மூட்டை அரிசி செலவாயிற்று என்று கேட்டால், 'நான் உங்கள் வீட்டுச் சம்பளக்காரன் இல்லை, சொல்ல மாட்டேன்' என்று அவர் சொல்ல முடியுமா? அரிசி நம்முடையது, பசியும் நம்முடையது!

ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், வேறு பாஷை பேசுகிற ஊரிலிருந்து கிளம்பிய ஒரு காகிதத்தால் எங்கள் குழாய்க்குக் கிடைத்தது இந்தத் தீர்ப்பு. தண்ணீரானாலும் சாலையானாலும், பொதுக் காரியத்தைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனிகளிடம் கணக்குக் கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் எடுத்துக்காட்டாக நிற்கிறது திருப்பூர் வழக்கு. பனியனால் மட்டுமின்றி இதனாலும் எங்கள் ஊருக்குப் பெயர் உண்டு என்பதை எங்கள் ஊர்க்காரர்களிலேயே பலர் அறிய மாட்டார்கள்.

* * *

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதுவும் கூலிக்காரப் பெண்களின் கதையில்தான் போய் முடிகிறது.

அருணா ராய் அம்மையார் 1946-ல் நம் சென்னையில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். பரீட்சையில் தேறி 1968-ல் உத்தியோகத்தில் சேர்ந்தவர், ஏழு வருஷத்துக்குள் அதை உதறிவிட்டு ராஜஸ்தானத்துக் கிராமங்களுக்குப் போனார். 1990-ல் அங்கே அவரும் தோழர்களும் கிராமத்து ஜனங்களும் சேர்ந்து ஒரு சங்கம் கண்டார்கள். தொழிலாளர் விவசாயிகள் சக்திச் சங்கம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வறட்சி நிவாரண வேலையில் மண் சுமந்த பெண்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீங்கள் அளவுப்படி வேலை செய்யவில்லை, ரிஜிஸ்தரில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். "அந்த ரிஜிஸ்தரைக் காட்டுங்கள்" என்றால், "அது சர்க்கார் ரகசியம்" என்றார்கள். மண் சுமந்தவளின் தலை எண்ணிக்கை அவளுக்கே ரகசியமாம்!

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊர் ஜனங்களைக் கூட்டி, கிடைத்த கணக்குகளை உரக்கப் படித்தார்கள். இப்படி ஊர் ஊராக நடந்த விசாரணைகளில், வேலைக்கே வராதவர்கள் பெயரும் செத்துப்போனவர்கள் பெயரும் கூலிப் பட்டியலில் இருந்தது வெளியாயிற்று. 1996-ல் பியாவர் நகரத்தில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். பெண்கள் தானியத்தைக் கொண்டுவந்து கொடுத்துப் பந்தலிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் போராடினார்கள். அந்தக் காலத்தில், நாலாம் வகுப்பு மட்டுமே படித்த ஒரு சகோதரியிடம், 'உனக்கெதற்கம்மா தகவல்?' என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களாம். பையனிடம் பத்து ரூபாய் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினால் கணக்குக் கேட்கிறேன். என் பெயரைச் சொல்லிக் கோடி கோடியாகச் செலவு செய்கிற சர்க்காரிடம் கேட்கக் கூடாதா என்பதுதான் அவள் சொன்ன பதிலின் கருத்து. டில்லியில் இருந்த மெத்தப் படித்தவர்களுக்கெல்லாம் இதைவிடத் தெளிவாக இந்தச் சட்டத்தை விளக்க முடிந்ததில்லை.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. 1997-லேயே, மாநிலங்களுக்குள் முதலாவதாக, இங்கே தகவல் உரிமைச் சட்டம் இயற்றினார்கள். ஆனால் கொடுக்கக் கூடாதவற்றின் பட்டியல் அதில் நீளமாக இருந்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் மாட்டைக் கட்டினாற்போல ஆயிற்று. உலகத்தை எடுத்துக்கொண்டால் ஸ்வீடன் தேசம் 1766-லேயே இந்த உரிமையைத் தன் ஜனங்களுக்குச் சட்டமாக்கிவிட்டது. நாம் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பிந்தித்தான் வந்தோம்.

* * *

"கதையெல்லாம் சரி, காரியம் நடக்குமா?" என்பீர்கள். எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

எதிர் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். புருஷன் காலமான பிறகு இரண்டு பெண் குழந்தைகளையும் தையல் மிஷினை மிதித்தே படிக்க வைத்தவள். இரண்டரை சென்ட் வீட்டுமனை புருஷன் பேரில் இருந்தது. பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற வேண்டி மனுக் கொடுத்தாள். மூத்த பெண்ணை நர்ஸிங் படிக்க வைக்கப் பாங்கியில் கடன் கேட்க வேண்டும். அதற்கு அந்தப் பட்டா வேண்டும். பதினான்கு மாதம் நடந்தாள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு ஷிப்ட் சம்பளம் போயிற்று. காரியாலயத்தில் ஒவ்வொரு தடவையும், "ஃபைல் மேலே இருக்கு" என்ற அதே பல்லவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்ணையில் வந்து உட்கார்ந்து அழுதாள். நான் ஒரு முழுத்தாளை எடுத்தேன்.

"அக்கா, இப்படி எழுதிக் கேட்டா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்றாள்.

"கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாங்க கண்ணு. நீ என்ன, சொத்தா கேக்கறே? உன்ற காயிதம் எங்க இருக்குதுன்னுதானே கேக்கறே!" என்றேன்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "ஏனம்மிணி, ஊர் வம்பு எல்லாம் உனக்கெதுக்கு?" என்று குரல் கொடுத்தார்.

"வம்பில்லீங்க, வெறும் நாலு கேள்விதானுங்க" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினேன்.

நாலே கேள்விதான். என் மனு எந்தத் தேதியில், எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது? இன்று அது எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது? இப்படிப்பட்ட மனுவை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று விதி? என் மனுவின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தாருங்கள். பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசமிட்டு, பத்து ரூபாய்க்குக் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு தபாலில் சேர்த்தோம்.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. பிரித்துப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபைல் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நாலாவது மாதமே, 'நில அளவையின்போது மனுதாரர் ஆஜராகவில்லை' என்று எழுதி மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார்கள்! அவள் ஏன் ஆஜராகவில்லை? அளவைக்கு வருகிறோம் என்ற நோட்டீஸ் வேறு கதவிலக்கத்துக்குப் போயிருந்தது. அந்த நோட்டீஸின் நகலும் பதிலோடு இருந்தது. ஆகவே, முடிந்துபோன ஒரு காரியத்துக்காகப் பத்து மாதம் அவள் சம்பளத்தை இழந்து நடந்திருக்கிறாள். தெரிந்தே யாரும் ஏமாற்றினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுக்காக எழுந்து போய் அந்த ரிஜிஸ்தரைப் புரட்ட யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நகலை இணைத்துப் புது மனுக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் பட்டா வந்தது. மூத்த பெண் நர்ஸிங் படிக்கிறாள். சட்டம் அவளுக்குப் பட்டா கொடுக்கவில்லை. பட்டா எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டிற்று. ஊசியைத் தொலைத்தவளுக்கு விளக்கைக் கொடுத்தாற்போல.

* * *

நீங்களும் எழுதலாம். இதற்கென்று தனி பாரம் தேவையில்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். இணையத்தின் வழியாகவும் அனுப்பலாம். எதற்காகக் கேட்கிறாய் என்று உங்களைக் கேட்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். ஒருவருடைய உயிருக்கோ சுதந்திரத்துக்கோ சம்பந்தப்பட்ட விஷயமானால் 48 மணி நேரத்துக்குள். தவறான காரியாலயத்துக்கு எழுதிவிட்டாலும் கவலையில்லை. அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். நேரில் போய் ஃபைலைப் பார்க்கவும் உரிமை உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமே கிடையாது. பதில் வராவிட்டால் அதே காரியாலயத்து மேலதிகாரியிடம் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு; அதற்கும் மசியாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. நியாயமான காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரையில் அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒரு சூட்சுமம் மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும். 'ஏன் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுவதில்லை?' என்று சண்டைக்குப் போகாதீர்கள். இருக்கிற தகவலைத்தான் கொடுக்க வேண்டும், அபிப்பிராயம் சொல்லக் கடமையில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2011-ல் விளக்கியிருக்கிறது. ஆகவே, 'எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட தேதிகளின் பதிவேட்டு நகல் தாருங்கள்' என்று கேளுங்கள். நகலைக் கையில் வைத்துக்கொண்டால் 'ஏன்' என்பது தானே விளங்கிவிடும்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் மெல்ல, "ஏனம்மிணி, நானும் பத்து ரூபா வில்லை ஒட்டி உன்ற அஞ்சறைப்பெட்டிக் கணக்கைக் கேக்கலாமா?" என்றார். "தாராளமாக் கேளுங்க. முப்பது நாள்ல பதில் வருமுங்க!" என்றேன்.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் ஒன்று கேட்பார்கள்: 'எங்கள் சம்பளத்தில் பிடிக்கிற பி.எஃப். பணத்தை ஒழுங்காகக் கட்டுகிறார்களா?' கம்பெனி சர்க்கார் காரியாலயம் அல்ல. அதற்கு நேரடியாக இந்தச் சட்டப்படி எழுத முடியாது. ஆனால் வேறொரு சட்டத்தின் கீழ் ஒரு தனியாரிடமிருந்து சர்க்கார் காரியாலயம் பெறக்கூடிய தகவலும் 'தகவல்' என்றே இந்தச் சட்டம் சொல்கிறது. உங்கள் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்பதைச் செல்போனிலேயே பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிடலாம். ஏறாவிட்டால், வைப்புநிதிக் காரியாலயத்தைக் கேட்கலாம். குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று சர்க்கார் வெளியிட்ட அறிவிப்பின் நகலைத் தொழிலாளர் துறையிடம் கேட்கலாம். வியாபார ரகசியம் என்ற விதிவிலக்கு உண்டுதான். ஆனால் உங்கள் கூலி உங்களுக்கே ரகசியம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

* * *

எல்லாம் இனிப்பாகவே இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டால் அது நியாயமாகாது. ஆணையங்களில் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவது முறையீட்டுக்குக் காத்திருப்பது பொறுமைக்குச் சோதனை. கணக்குக் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்களும் உயிரிழந்தவர்களும் நம் தேசத்தில் உண்டு.

சட்டத்திலும் ஒரு மாறுதல் வந்திருக்கிறது. ஒருவரின் சொந்த விவரத்தைக் கொடுக்க வேண்டாம் என்று முன்பே ஒரு விதிவிலக்கு இருந்தது. ஆனால் பொதுக் காரியத்தோடு சம்பந்தம் உள்ள விவரமானால் கொடுக்க வேண்டும் என்பதும், சட்டசபைக்கு மறுக்க முடியாததைச் சாமானியருக்கும் மறுக்கக் கூடாது என்பதும் அதே இடத்தில் எழுதியிருந்தது. 2023-ல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகங்களை எடுத்துவிட்டு, சொந்த விவரம் என்றாலே விதிவிலக்கு என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்தது. பொது நலன் பெரிதானால் கொடுக்கலாம் என்ற வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி வாதாட வேண்டிய பாரம் இப்போது கேட்கிறவர் தலையில் கூடுதலாக ஏறியிருக்கிறது.

பெண்களாகிய நமக்கு அந்தரங்கத்தின் அருமை தெரியும். என் வியாதியும் என் செல்போன் எண்ணும் ஊராருக்குத் தெரிய வேண்டாம். அதைக் காப்பாற்றச் சட்டம் வந்தால் நானே கை தட்டுவேன். ஆனால் உதவித்தொகைப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, பொதுப் பணத்தில் வேலை எடுத்த கான்டிராக்டர் யார், ஃபைலில் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதெல்லாமும் சொந்த விவரமாகிவிட்டால்? பியாவரில் நாற்பது நாள் பந்தலில் இருந்த பெண்கள் கேட்டது பெயர்கள் அடங்கிய கூலிப் பட்டியலைத்தானே! பெயரை மறைத்துவிட்டால் செத்தவர் யார், உழைத்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே, உரிமை கைவசம் இருக்கும்போதே அதைப் பழக்கத்தில் வைத்திருப்பது நல்லது. உபயோகிக்காத ஆட்டுக்கல்லைத்தான் முதலில் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார்கள். இந்த மாதம் ஒரே ஒரு காகிதம் எழுதிப் பாருங்கள். சென்ற வருஷம் உங்கள் வார்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வந்தது, எத்தனை நாளைக்கு ஒரு முறை வந்தது, தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் தெருவுக்கு நான் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. இன்னும் பதின்மூன்று நாள் பாக்கி. எதிர் வீட்டுப் பெண் தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும், "அக்கா, தபால் வந்துதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறாள்.